அரிசியில் வந்த உடம்பு

"ஊரே பட்டினி கெடந்துச்சி, நீ மட்டும் எப்புடிப்பா இப்புடி ஊதிப்போன?"

என் வீட்டுக்காரரைப் பார்த்து ஒரு காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே கேட்டான். கொரோனா கொஞ்சம் அடங்கி, சுரங்கத்தில் காண்ட்ராக்ட் ஆட்களைத் திரும்பக் கூப்பிட ஆரம்பித்த நேரம். கேட்டவன் அன்றைக்கே மறந்திருப்பான். எனக்கு இன்னும் மறக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்ற அந்த மனிதருக்காக இதை எழுதுகிறேன்.

சுரங்கத்தை ஒட்டிய வடக்குத்தில் சிமெண்ட் ஷீட் போட்ட ஒற்றை அறைதான் எங்கள் வாடகை வீடு. நிலக்கரி ஓடுகிற பெல்ட்டுக்கு அடியில் கொட்டிக்கிடக்கும் கரியையும் சேற்றையும் மண்வெட்டியால் வாரிப் போடுவது அவர் வேலை. சட்டையைக் கழற்றினால் விலா எலும்பு தெரியும். கையில் நரம்பு கயிறு மாதிரி ஓடும். நான் சுரங்கக் கம்பெனியின் டவுன்ஷிப்பில், பெர்மனென்ட் வேலையில் இருக்கிற ஒருவருடைய குவார்ட்டர்ஸில் சமையல் செய்துகொண்டிருந்தேன். ஒரே மகள். அப்போது அரசுப் பள்ளியில் ஏழாவது படித்தாள்.

நல்ல சாப்பாடு எங்கள் வீட்டு அடுப்பில் வெந்ததே இல்லை. இது எனக்கே அப்புறம்தான் புரிந்தது. அவர் காயும் முட்டையும் மோரும் கண்டது வேலை செய்யும் இடத்து கேன்டீனில். மகளுக்கு முட்டையும் சுண்டலும் பள்ளிக்கூடத்துச் சத்துணவில். எனக்கு மதியச் சாப்பாடு அந்தக் குவார்ட்டர்ஸில். சாயங்காலம் கிளம்பும்போது அந்த வீட்டம்மா ஃபிரிட்ஜைத் திறந்து, வாட ஆரம்பித்த கேரட், பீன்ஸ், ஒரு கட்டு முருங்கைக்கீரை என்று எதையாவது கையில் கொடுப்பார். வீட்டில் நான் வடித்தது ரேஷன் அரிசி. மூன்று பேரும் வெளியே தின்றுவிட்டு, வீட்டில் வயிற்றை நிரப்பிக்கொண்டிருந்தோம். அவ்வளவுதான் எங்கள் ஆரோக்கியம்.

ஊரடங்கு என்றார்கள். மூன்று அடுப்பும் ஒன்றாக அணைந்தன.

குவார்ட்டர்ஸ் அம்மா போன் பண்ணினார். "நீ இப்ப வர வேணாம்மா. உங்க பக்கத்துல இருந்து யாரையும் உள்ள விடக்கூடாதுன்னு பிளாக்ல எல்லாரும் பேசி வச்சிருக்கோம். தப்பா எடுத்துக்காத."

"சரிங்கம்மா. எப்ப வரலாங்க?"

"சொல்றேன்."

அவர் சொல்லவே இல்லை. முந்தின நாள் வரை அவர்கள் தின்ற இட்லிக்கு மாவு கரைத்த கை இது. ஒரே ராத்திரியில் அது கிருமி பிடித்த கையாகிவிட்டது. பின்னாளில் அந்த வீட்டுக்கு வேறு சமையல்காரி வந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். அவள் அதே பிளாக்கின் பின்னால் இருப்பவளாம்.

பொய் சொல்லக் கூடாது. அரிசி வந்தது, தாராளமாகவே வந்தது. நாங்கள் செத்துப்போகாததற்கு அந்த அரிசிதான் காரணம். ரேஷனில் சர்க்கரையும் பாமாயிலும் வந்தன. அதற்குமேல் டவுன்ஷிப்பிலிருந்து ஒரு சங்கத்துக்காரர்கள் வேனில் நிவாரணப் பை கொண்டுவந்தார்கள். வரிசையில் நிற்கவைத்து, பையைக் கையில் பிடிக்கச் சொல்லி, போட்டோ எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பிரித்தால் அதிலும் அரிசி. சர்க்கரை, மைதா, சேமியா, கிரீம் பிஸ்கட்.

அடுத்த முறை வேன் வந்தபோது, பை கொடுத்த பையனிடம் கேட்டேன்.

"தம்பி, அரிசி வூட்ல இருக்கு. கொஞ்சம் காய், ஒரு நாலு முட்டை இப்புடி எதனா குடுக்கக் கூடாதா?"

"காய்லாம் கெட்டுப்போயிடுங்க்கா. வயிறு நெறையறதுதான முக்கியம்?"

பின்னால் நின்ற ஒருவர் சொன்னார்: "ஓசில வாங்கறதுல இதுக்கு மெனு வேற."

பையை அங்கேயே போட்டுவிட்டு வந்திருக்கலாம். மகள் பிஸ்கட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். வாங்கிக்கொண்டு வந்தேன்.

முத்தாண்டிக்குப்பம் பக்கம் கத்தரிக்காயும் வெண்டையும் பறிக்க ஆளில்லாமல் செடியிலேயே முற்றிப்போகிறது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். விடிந்ததும் ஒரு உர சாக்குப்பையை மடித்துக்கொண்டு நடந்தேன். ரோட்டோரக் கொல்லையில் ஒருவர் கூடை கூடையாகக் கத்தரிக்காயை மாட்டுக்கு முன்னால் கொட்டிக்கொண்டிருந்தார்.

"பறிச்சிக்கினு போம்மா, எவ்ளோ வேணுமோ பறிச்சிக்க," என்றார். "பண்ணுருட்டி சந்தைக்குக் கொண்டுபோவ வண்டி இல்ல. மாடே தின்ன மாட்டேங்குது."

கத்தரியும் வெண்டையும் பறித்தேன். வரப்போரம் தானாக முளைத்திருந்த பண்ணைக்கீரையைப் பிடுங்கினேன். அவர் ஒரு பலாப்பழத்தில் பாதியை வெட்டி மேலே வைத்தார். தலைச்சுமையாக வந்துகொண்டிருந்தபோது ரோட்டில் தடுப்பு போட்டிருந்த போலீஸ்காரர் நிறுத்தினார்.

"எங்க சுத்திக்கினு வர?"

"காய் பறிச்சாந்தேங்க சார். வூட்ல புள்ளைக்கு..."

"காய் தின்னலன்னா செத்தா போயிடுவீங்க? அரிசிதான் குடுக்கறாங்க இல்ல?"

லத்தியால் மூட்டையைத் தட்டினார். ஓங்கி அடித்தார் என்று சொல்ல மாட்டேன், தட்டினார். மூட்டை தலையிலிருந்து சரிந்தது. கத்தரிக்காய் தார் ரோட்டில் உருண்டது. நான் குனிந்து பொறுக்க ஆரம்பித்தபோது ஒரு கரி லாரி வந்தது. போலீஸ்காரர் தடுப்பை நகர்த்தி அதற்கு வழிவிட்டார். கரி அத்தியாவசியம். நான் ரோட்டை விட்டு ஒதுங்க வேண்டியதாயிற்று. சாக்குமூட்டையோடு என் கத்தரிக்காய் மேல் ஏறிப் போனது அது. பாதிப் பலாப்பழத்தை மட்டும் இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மறுபடி அந்தப் பக்கம் போக எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அப்புறம் அரிசிதான். காலையில் பழையது, மதியம் ரசம் சோறு, ராத்திரி அதே சோற்றில் ஊறுகாய். பால் வாங்க வழியில்லை, பசிக்கும்போதெல்லாம் சர்க்கரை தூக்கலாகப் போட்ட கடுங்காப்பி. மைதாவைக் கரைத்துப் பாமாயிலில் தோசை. மண்வெட்டி பிடித்த மனிதர் சுவரில் சாய்ந்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கவலை வந்தால் அவர் பேச மாட்டார். இன்னொரு தட்டு சோறு போட்டுக்கொள்வார். வீட்டில் அது ஒன்றுதான் கேட்டால் கிடைத்தது. மகள் அடுத்த வீட்டு செல்போனில் பாடம் கேட்டுவிட்டு, பிஸ்கட் பாக்கெட்டோடு சுருண்டு படுத்துக்கொள்வாள்.

அவருக்கு வயிறு வந்தது. முகம் உப்பியது. மகளுக்குப் பள்ளிச் சீருடை தோளில் ஏறவில்லை. "பரவால்ல, உங்க வூட்ல எல்லாரும் நல்லா தேறிட்டீங்க," என்று தெருவில் சொன்னார்கள். கொஞ்ச நாள் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வேலைக்குக் கூப்பிட்டபோது மெடிக்கல் பார்த்துவிட்டுத்தான் எடுப்போம் என்றார் காண்ட்ராக்டர். சட்டைப் பொத்தானை இழுத்துப் போட்டுக்கொண்டு போனார் என் வீட்டுக்காரர். எடை பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை ஏறிக்கிடக்கிறது, பிரஷரும் இருக்கிறது, வேலைக்கு ஆகாது என்று அனுப்பிவிட்டார்கள். அங்கேதான் அந்த சூப்பர்வைசர் சிரித்தது.

மறுநாள் நான் போனேன். என் வீட்டுக்காரர் வேண்டாம் வேண்டாம் என்று பின்னாலேயே வந்தார். காண்ட்ராக்டர் ஷெட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"சார், உங்ககிட்ட வேல பாத்த வரைக்கும் இவருக்கு ஒரு தலைவலி கெடையாது. வேல இல்லன்னு வூட்ல ஒக்கார வச்சீங்களே, அப்ப சாப்ட்டீங்களான்னு ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"இந்தாம்மா, சத்தம் போடாத. சர்க்கர இருக்கறவன் பெல்ட்டுகிட்ட மயங்கி வுழுந்தா யாரு பதில் சொல்றது?"

அது நியாயம்தான். பெல்ட்டுக்குக் கண் கிடையாது என்று எனக்கும் தெரியும். அதோடு நிறுத்தியிருந்தால் நானும் திரும்பியிருப்பேன்.

"மொதல்ல நாக்க கட்டச் சொல்லு," என்றார். "ஓசி அரிசிய தின்னுட்டு தூங்கினா ஒடம்பு இப்புடித்தான் வரும்."

"நாக்கா சார்? நாக்குக்குப் புடிச்சா தின்னோம்? நீங்க ரசஞ்சோற மூணு வேள தின்னுட்டு ஒரு மாசம் இருந்து காட்டுங்க. அப்புறம் வந்து நாக்கப் பத்திப் பேசலாம்."

என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து இழுத்தார். "வா, போலாம். வேணாம், வா."  வீட்டுக்கு வந்ததும் சொன்னார்: "அவரு சொல்றதும் கரெக்ட்டுதான். நான்தான் தின்னுட்டேன்." அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் எனக்கு எல்லார் மேலும் தீராத கோபம். வேலையைப் பிடுங்கிக்கொண்டது போதாதென்று, குற்றத்தையும் அவர் தலையிலேயே ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் பெண் சாப்பாட்டு யோசனை சொன்னாள். ஓட்ஸ், ஆப்பிள், பாதாம், வாரம் ரெண்டு நாள் மீன். "ரைஸ கம்மி பண்ணிடுங்க."

"கம்மி பண்ணிட்டு என்னாம்மா திங்கறது?"

அவள் நிமிர்ந்து எங்கள் இருவரையும் பார்த்தாள். நல்ல பெண்தான், முகம் மாறிப்போயிற்று. "முடிஞ்ச அளவுக்குக் காய் சேத்துக்கங்க. தினமும் நடங்க," என்று மட்டும் சொன்னாள்.

எங்கே நடப்பது? எங்கள் ரோட்டில் லாரியும் புழுதியும். டவுன்ஷிப்பில் மரநிழல் ரோடு இருக்கிறதே என்று காலையில் அங்கே போனார். வெள்ளை ஷூ போட்டு நடந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் அவரை நிறுத்தினார்.

"யாருப்பா நீ? எந்த பிளாக்?"

"வடக்குத்துங்க சார். வாக்கிங் வந்தேன்."

"வாக்கிங்கா?" அவர் இவருடைய ரப்பர் செருப்பைப் பார்த்தாராம். "ரெண்டு நாளா சைக்கிள் காணாம போவுது இங்க. பாத்துக்க."

அதோடு அந்த நடையும் நின்றது. பிறகு எனக்குத் தெரியாமல் சோற்றை நிறுத்த ஆரம்பித்தார். சர்க்கரை மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு இருந்திருக்கிறார். இளைத்துவிட்டால் வேலை கிடைத்துவிடும் என்ற நினைப்பு. தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில், குடத்தோடு குழாயடியில் விழுந்தார். வேர்த்துக் கொட்டியது, கண் சொருகிவிட்டது. யாரோ சர்க்கரைத் தண்ணீரை வாயில் ஊற்றினார்கள். அவர் கண் திறந்ததும் தெரு என்று பார்க்காமல் கத்தினேன்.

"யோவ், நீ செத்துட்டா அந்த காண்ட்ராக்டர் சொன்னது கரெக்ட்டாயிடுமா? எவனோ சிரிச்சான்னு சோத்த நிறுத்துவியா?"

அவர் குழந்தை மாதிரி அழுதார்.

மறுவாரம் நான் முத்தாண்டிக்குப்பத்துக்கே போனேன். அதே கொல்லைக்காரரிடம் வேலை கேட்டேன். கூலியில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, தினமும் மடியில் காய் கட்டிப் போக விட வேண்டும் என்றேன். "இதுக்கு எதுக்கும்மா கூலிய கொறைக்கணும்? அள்ளிக்கினு போ," என்றார். அவரால்தான் எங்கள் தட்டில் சோறு கீழே போய் கத்தரியும் கீரையும் மேலே வந்தது. வேர்க்கடலை பிடுங்கும் காலத்தில் அவித்துத் தின்ன ஒரு பை மல்லாட்டை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு வாய் வரவில்லை. என் வீட்டுக்காரருக்கு வயிறு கொஞ்சம் இறங்கியது. சர்க்கரை இறங்கவில்லை, இனி போகாது. சுரங்கத்துக்குள் திரும்ப அவரை எடுக்கவே இல்லை. புதிதாகக் கட்டுகிற ஒரு கட்டடத்தில் வாட்ச்மேனாக இருக்கிறார். உட்கார்ந்தே இருக்கிற வேலை. காலில் ஒரு புண் ஆற நாளாகிறது. உழைத்து உழைத்து இறுகிய உடம்பு அது. எங்கே போயிற்று என்று யாரிடம் போய்க் கேட்பது?

மகளுக்கு நடந்தது இன்னும் மோசம். பள்ளி திறந்ததும் அவளுக்கு வகுப்பில் வேறு பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். பத்தாவது படிக்கும்போது பள்ளியில் ரத்தப் பரிசோதனை நடந்தது. டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"வீட்ல நொறுக்குத்தீனிய கொறைங்கம்மா. உங்க பொண்ணுக்கு ரத்தம் வேற ரொம்பக் கம்மியா இருக்காம். இவ்ளோ ஒடம்பு இருக்கு, ரத்தம் மட்டும் எப்புடிக் கம்மியாவும்?"

மகள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். துப்பட்டாவை வயிற்றின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"ரெண்டும் ஒரே சோத்துல வந்ததுதாங்க டீச்சர்," என்றேன். "அந்த ஒரு வருசம் முழுக்க அவ தின்னது சோறும் சர்க்கரையும் உங்கள மாதிரி மகராசங்க குடுத்த பிஸ்கட்டும். வளந்தது ஒடம்பு, வளராதது ரத்தம். இனிமே இத அவ முன்னாடி வச்சிக் கேக்காதீங்க."

 மருத்துவமனையில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். ஒழுங்காகப் போடவைத்தேன். வெளுத்த உதடு மெல்ல நிறம் மாறியது. ஆனால் மற்றவர்கள் பார்க்க அவள் சாப்பிடுவதில்லை. கல்யாண வீட்டில் பந்திக்கு உட்கார மாட்டாள். வீட்டிலேயே தட்டை எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்து, சத்தம் கேட்காமல் மென்று விழுங்குவாள். திருடித் தின்கிற மாதிரி.

போன ஞாயிற்றுக்கிழமை முட்டைக் குழம்பு வைத்தேன். எதிர்வீட்டுப் பெண்கள் எங்கள் வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். வழக்கம்போல அவள் சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

"இந்தப் பக்கம் திரும்பி ஒக்காரு," என்றேன்.

"அம்மா, பாத்துக்கினு இருக்காங்கம்மா."

"பாக்கட்டும்."

"வேணாம்மா, ப்ளீஸ்."

என் தட்டையும் எடுத்துக்கொண்டு அவளுக்கு எதிரே போய் உட்கார்ந்தேன். வாசலில் பேச்சு நின்றது. நான் அவர்களைத் திரும்பிப் பார்த்தேன், அவர்களே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வரைக்கும் பார்த்தேன். என் பெண் ஒரு முட்டையை எடுத்து, பாதியாகப் பிட்டு, சோற்றில் பிசைந்தாள்.

"இன்னொண்ணு வைக்கட்டா?" என்று கேட்டேன்.

தட்டை என் பக்கம் நகர்த்தி, "வைம்மா," என்றாள்.