இரண்டு தரம் கிண்டிய கேசரி

1. டெஸ்டுக்கு முன்னால் வந்த தூக்குவாளி

ஈஸ்டர் முடிந்த வாரம். ஓ.பி. இன்னும் தொடங்கவில்லை. நான் ஊசிகளை எடுத்து டிரேயில் அடுக்கிக்கொண்டிருந்தேன். பேச்சியம்மாள் ஒரு தூக்குவாளியோடு உள்ளே வந்து, "சிஸ்டர், வாயத் தொறங்க" என்றாள். ஏன் என்று கேட்க வாயைத் திறந்ததுதான், ஒரு கரண்டி கேசரி உள்ளே போய்விட்டது. நல்ல சூடு. நெய் மணத்தது.

"எம் மருமக முழுகாம இருக்கா" என்றாள்.

அவளுக்குப் பின்னால் மருமகள் ஜெயராணி நின்றாள். எங்கள் எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து கிள்ளுகிறவள். கல்யாணமாகி நாலு வருஷம். வெட்கத்தில் தலையை நிமிர்த்தவே இல்லை.

"யார் சொன்னா?"

"நாந்தான் சொல்லுதேன். ரெண்டு மாசமா தலைக்கு ஊத்தல. வேற என்ன வேணும்?"

"டெஸ்ட் எடுத்தாச்சா?"

"அதுக்குத்தான வந்திருக்கோம்."

டெஸ்ட் எடுக்குமுன்பே தொழிலாளர் குடியிருப்பான லயம் முழுக்கக் கேசரி போய்விட்டிருந்தது. எங்கள் லயத்தில் சுவருக்குச் சுவர் வீடு. அங்கே காதும் காதும் வைத்த மாதிரி எதையும் செய்ய முடியாது, கேசரியை எப்படி மறைப்பது?

நான் எஸ்தர். சின்னக்கானல் பக்கத்து எஸ்டேட் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவள். நர்சிங் முடித்துவிட்டு மலையேறி வரும் பிள்ளைகள், "நீங்க பார்த்ததிலேயே பெரிய கேஸ் எது சிஸ்டர்?" என்று கேட்பார்கள். யானை மிதித்தது, பாம்பு கடித்தது என்று ஏதாவது சொல்வேன் என்று காத்திருப்பார்கள். நான் இந்தக் கேசரிக் கேஸைத்தான் சொல்வேன்.

கார்டில் ஒரு கோடுதான் வந்தது. கூடுதலாகக் கொஞ்ச நேரம் பார்த்தேன். இரண்டாவது கோடு வரவில்லை. இன்னொரு கார்டைப் பிரித்துப் போட்டேன். அதிலும் ஒன்றுதான்.

"அந்த அட்டை பழசா இருக்கும்" என்றாள் பேச்சியம்மாள்.

"புதுசும்மா."

அவள் மெதுவாகத் தூக்குவாளியின் மூடியைப் போட்டு அழுத்தினாள். என் வாயில் இனிப்பு இன்னும் இருந்தது. ஜெயராணிதான் கேட்டாள்.

"அப்போ ஏன் சிஸ்டர் நின்னு போச்சு? எனக்கு இனி வரவே வராதா?"

2. கூடைக்குள்ளிருந்த டயட்

டாக்டர் வருவதற்குள் நான் அவளுடைய கையைப் பிடித்துப் பார்த்தேன். வளையல் முழங்கை வரைக்கும் ஏறியது. போன ஓணத்தில் இதே கையை நான் பார்த்திருக்கிறேன். வடம்வலி என்று இங்கே சொல்லும் கயிறு இழுக்கும் போட்டியில், எங்கள் எஸ்டேட் பெண்கள் டீமின் கடைசி ஆள் இவள்தான். வடத்தின் முனையைத் தோளில் மாட்டி, மண்ணில் குதிகாலை ஊன்றி நிற்கும் ஆள். அன்றைக்கு அந்தக் கை உலக்கை மாதிரி இருந்தது.

"நேத்து என்னட்டி சாப்பிட்ட?"

"சாப்பிட்டேன் சிஸ்டர்."

"என்ன சாப்பிட்டன்னு கேட்டேன்."

"காலைல கிரீன் டீ. மத்தியானம் வெள்ளரிக்கா. சாயங்காலம் கிரீன் டீ. ராத்திரி ஒரு சப்பாத்தி."

"கிரீன் டீ கடைல வாங்குனியா?"

அவள் மாமியாரைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "கூடைல இருந்துதான். ஒரு கைப்பிடி கொழுந்தை எடுத்துப் போட்டுக் கொதிக்க வச்சு…"

எனக்கு வந்த கோபத்தில் சிரித்துவிட்டேன். பச்சைக் கொழுந்தைக் கிள்ளியது கிள்ளியபடி கொதிக்க வைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்திருக்கிறாள். உலகத்தில் தேயிலைத் தோட்டத்துக்காரிகளைத் தவிர வேறு யாருக்கும் இந்த யோசனை வராது.

"நாள் பூரா அதக் கிள்ளி, அதச் சுமந்து, கடைசில அதயே குடிக்கவா? எவ சொன்னா?"

"போன்ல ஒரு பொண்ணு சொல்லுது சிஸ்டர். நல்லாத்தான் இருக்கா."

"அவ மலையேறிக் கொழுந்து கிள்ளுறாளா? வடம் இழுக்குறாளா?"

பிறகுதான் விஷயம் முழுசாக வந்தது. வடம்வலியில் ஏழு பேரையும் தராசில் ஏற்றி, மொத்த எடையைக் கூட்டிப் பார்ப்பார்கள். அளவுக்கு மேலே போனால் டீம் வெளியே. போன ஓணத்தில் இவர்கள் கொஞ்சம் கூடிவிட்டார்கள். வடத்தைத் தொடாமலே திரும்பி வந்தார்கள். கடைசியாகத் தராசில் ஏறியவள் ஜெயராணி. மற்ற ஆறு பேரும் ஒன்றும் சொல்லவில்லைதான். ஆனால் ஜீப்பில் வரும்போது யாரோ ஒருத்தி, "ராணிக்குத் தனி ஜீப்பு வேணும்" என்று சொல்லிச் சிரித்திருக்கிறாள். கிண்டல்தான். இவள் அதை மனதில் வைத்துக்கொண்டு, கிறிஸ்துமஸ் கழிந்ததிலிருந்து வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இருந்திருக்கிறாள். இவள் இளைப்பதைப் பார்த்து மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

"ஏழு பேருமா?"

"ஏழு பேரும்."

"மத்தவளுகளுக்கு மாசாமாசம் வருதா?"

"மூணு பேருக்கு வரல. தேயிலைக் காட்டுக்குள்ள ஒதுங்க இடம் கிடையாது, துணி மாத்த முடியாது. தொல்லை விட்டுதுன்னு சந்தோசமாத்தான் இருந்தோம் சிஸ்டர்."

அந்தச் சந்தோஷம் எனக்குப் புரியாமல் இல்லை. மலைச்சரிவில் மழையில் நின்று வேலை பார்க்கிறவளுக்கு அந்த நாட்கள் எப்படி இருக்கும் என்று தெரிந்தால் யாருக்கும் புரியும்.

3. செடி காத்திருக்கிறது

எங்கள் டாக்டர் கோட்டயம் பக்கத்து மலையாளப் பெண். சின்ன வயது. பொறுமைசாலி. ஏழு பேரையும் வரச் சொன்னார். ரத்தம் எடுத்தோம், தைராய்டு பார்த்தோம், ஸ்கேனுக்கு அடிமாலிக்கு அனுப்பினோம். சாப்பாடுதான் காரணம் என்று எனக்கு அன்றைக்கே தோன்றியது. ஆனாலும் மற்றதையெல்லாம் இல்லை என்று பார்த்த பிறகுதான் அப்படிச் சொல்ல வேண்டும் என்றார் டாக்டர். அதுவும் நல்லதுக்குத்தான் ஆயிற்று. ஒருத்திக்கு உண்மையிலேயே தைராய்டு குறைவாக இருந்தது. அவளுக்கு மாத்திரை. மற்றவர்களுக்கு எல்லா ரிப்போர்ட்டிலும் ஒரே பல்லவி: எடை குறைவு, ரத்தம் குறைவு, ஹார்மோன் குறைவு.

டாக்டர் தன்னுடைய தமிழில் சொன்னார். "பேடிக்க வேண்டா, பயம் வேண்டா. கர்ப்பப்பைக்கு ஒண்ணும் இல்ல கேட்டோ. உள்ள வர்ற சாப்பாடு குறைவு, செய்யற வேலை கூடுதல். மூளை என்ன செய்யும்? இப்ப ஒரு குழந்தைய வளர்க்க முடியாதுன்னு ஹார்மோனை நிறுத்தி வைக்கும். முட்டை வளராது. பீரியட் வராது. ரொம்ப நாள் இப்படியே விட்டா எலும்பும் பலமில்லாம போகும்."

ஜெயராணி கேட்டாள்: "வெயில் காலத்துல மழை இல்லன்னா செடி கொழுந்து விடாம அப்படியே நிக்குமே, அது மாதிரியா?"

"அதே! அதேதான்! செடி பட்டுப் போகலை. காத்துட்டு இருக்கு."

ஜெயராணியின் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரிப்பைப் பார்த்தேன். அது ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. நல்லாச் சாப்பிடணும், கொஞ்ச வாரம் பிராக்டிஸைக் குறைக்கணும் என்று டாக்டர் சொன்னதும் மறுபடி முகம் தொங்கிவிட்டது.

"சாப்பிட்டா தராசுல தள்ளிருவாங்க டாக்டர். இந்த வருசமும் வடத்தத் தொடாம வரச் சொல்லுதீங்களா?"

"ஏட்டி, தராசா பெரிசு?" என்று நான் கத்தினேன். எனக்கு அப்போது நாக்கு கொஞ்சம் நீளம். இப்போதும் அப்படித்தான்.

மூலையில் உட்கார்ந்திருந்த பேச்சியம்மாள் கேட்டாள்: "ஏன் சிஸ்டர், தராசு இல்லாத போட்டின்னு ஒண்ணு கிடையாதா?"

அதைக் கேட்க, டீமுக்குக் கோச்சாக இருந்த சேவியரை ஃபேக்டரியிலிருந்து கூப்பிட்டு வந்தோம். அங்கே ஃபிட்டர் வேலை பார்ப்பவர். தலையைச் சொறிந்தார்.

"இருக்கு. ஓப்பன். எத்தனை கிலோ வேணா இருக்கலாம். ஆனா அதுல வர்றவளுக ஒவ்வொருத்தியும் பீரோ கணக்கா இருப்பா. நம்ம பிள்ளைகளத் தூக்கி எறிஞ்சிருவாளுக."

"எறியட்டும்" என்றாள் பேச்சியம்மாள். "சோறு தின்னுட்டு விழட்டும்."

4. பத்து மணித் தூக்குவாளி

அன்றிலிருந்து பேச்சியம்மாள் சாமியாடிக்கு அருள் வந்தது போல ஆகிவிட்டாள். எங்கள் பெண்களின் வழக்கம் என்னவென்றால், காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் மஸ்டருக்குப் பேர் கொடுக்க ஓடும்போது பால் விடாத ஒரு கட்டன் காப்பி, அவ்வளவுதான். வீட்டில் எல்லோரும் தின்ற பிறகு மிச்சம் இருந்தால் பெண்களுக்கு. டயட் இருக்கும் முன்பே பாதி டயட்டில் இருந்தவர்கள்தான். பேச்சியம்மாள் முதலில் அதை மாற்றினாள். விடியும்போதே பாசிப்பயறு போட்ட கஞ்சி. குடித்துவிட்டுத்தான் வாசலைத் தாண்ட வேண்டும். மகன் முருகேசன் டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிறவன். "எனக்கு?" என்று கேட்டானாம். "உனக்கு மாசம் தவறிப் போச்சோ? இரு, அவ தின்னட்டும்" என்றாளாம்.

பத்து மணிக்குத் தேயிலைச் செடி வரிசைக்குள் அவள் தலை தெரியும். தூக்குவாளியில் அவித்த கப்பைக் கிழங்கு, மத்தி மீன் குழம்பு. இல்லாவிட்டால் முட்டை. ஏழு பேருக்கும் சேர்த்து. கை நிறைய நிலக்கடலையை ஒவ்வொருத்தி மடியிலும் கட்டிவிடுவாள். சூப்பர்வைசர் என்னிடம் வந்து புகார் சொன்னார்.

"சிஸ்டர், அந்தம்மா வேலை நேரத்துல மத்திக் குழம்போட நிக்கிறாங்க. எல்லாப் பொம்பளைகளும் எட்டிப் பாக்குறாங்க."

"கடலைய மென்னுகிட்டே கொழுந்து கிள்ளலாம் சார். பட்டினியா மயங்கி விழுந்தா யாரு கிள்ளுவா?"

அவர் போய்விட்டார். பிறகு ஒரு நாள் அவரும் அந்த மத்திக் குழம்பைச் சாப்பிட்டதாகக் கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு புகார் வரவில்லை.

ஜெயராணிதான் படுத்தினாள். முதல் மாதம் கஞ்சியைப் பார்த்தால் அழுவாள். எடை ஏறுவது தெரிந்தால் இரண்டு நாள் என் பக்கமே வர மாட்டாள். பிறகு வருவாள். "சிஸ்டர், இன்னும் வரல" என்பாள். "வரும்" என்பேன். டாக்டரும் நானும் அதைத் தவிர வேறு எதையும் சொல்ல முடியாது. ஆனி போயிற்று, ஆடி போயிற்று. ஒவ்வொருத்தியாக மற்ற மூன்று பேருக்கும் வந்துவிட்டது. வந்தவள் ஓடிவந்து என் காதில் சொல்லிவிட்டுப் போவாள். இவளுக்கு மட்டும் வரவில்லை. எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். அதைக் காட்டிக்கொள்ளாமல் இன்னும் சத்தமாகத் திட்டினேன்.

ஆனால் கை பழையபடி ஆகிக்கொண்டிருந்தது. வளையல் மணிக்கட்டிலேயே நின்றது. மலையேறும்போது மூச்சு வாங்குவது குறைந்தது. பிராக்டிஸில் வடத்தை ஒரு பலா மரத்தில் கட்டி இழுப்பார்கள். "இப்போ மரம் பயப்படுது" என்றார் சேவியர்.

5. ஓணத்து மைதானம்

தேவிகுளம் தாண்டி ஒரு கிளப் மைதானம். மழை பெய்து சேறு. முதல் பரிசு ஒரு பெரிய நேந்திர வாழைக் குலையும் கோப்பையும். எங்கள் பெண்கள் கோப்பையைப் பார்க்கவில்லை, குலையைத்தான் பார்த்தார்கள். டயட் இருந்திருந்தால் அந்தக் குலையை ஜெயித்துவிட்டு என்ன செய்திருப்பார்கள் என்று நினைத்துச் சிரித்தேன்.

தராசு இல்லாத ஓப்பனில்தான் இறங்கினோம். முதல் ஆட்டத்தில் ஜெயித்தோம். செமிஃபைனலில் எதிரே நின்றவர்களைப் பார்த்தேன். சேவியர் பீரோ என்று சொன்னது குறைவு. விசில் ஊதியதும் எங்கள் பிள்ளைகள் நாலு அடி முன்னால் இழுபட்டார்கள். அப்புறம் ஜெயராணி குதிகாலைச் சேற்றில் புதைத்துப் பின்னால் சாய்ந்தாள். நின்றது. "ஹேய்… ஹோய்…" என்று சேவியர் தாளம் போட, ஏழு பேரும் ஒரே மூச்சாக, அங்குலம் அங்குலமாக, அந்தப் பீரோக்களை இந்தப் பக்கம் கொண்டுவந்துவிட்டார்கள். நான் யாரைக் கட்டிப் பிடித்தேன் என்று தெரியவில்லை. பிறகு பார்த்தால் முன்பின் தெரியாத ஒரு போலீஸ்காரர்.

ஃபைனலுக்கு முன்னால் ஜெயராணி சேறும் சகதியுமாக என்னைத் தேடி வந்தாள். முகம் ஒரு மாதிரியாக இருந்தது. கையில் அடிபட்டதோ என்று நினைத்தேன்.

"சிஸ்டர், பைல நாப்கின் வச்சிருக்கீகளா?"

எனக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. புரிந்ததும் நான் போட்ட கூச்சலுக்கு, மைக்கில் பேசிக்கொண்டிருந்தவரே நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அவளைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். அவள் சிரித்தாள்.

"ரொம்ப வலிக்குதாட்டி? இழுக்க முடியுமா?"

"வலி ஒண்ணும் இல்ல. இப்ப மலையவே இழுப்பேன் சிஸ்டர்."

ஃபைனலில் தோற்றோம். தோற்றது பற்றி அன்று யாருக்கும் வருத்தம் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. இரண்டாம் பரிசாகக் கிடைத்த சின்னப் பழக் குலையைப் பிய்த்து ஜீப்பிலேயே தின்றோம். "ராணிக்குத் தனி ஜீப்பு வேணும்" என்று யாரோ சொன்னார்கள். "ஆமா, வேணும்" என்று அவளே சொல்லிவிட்டு இன்னொரு பழத்தை உரித்தாள்.

6. இளைய பிள்ளைகளுக்கு

மாதவிலக்கு தவறிப்போச்சு என்று ஒரு பெண் வந்தால் டெஸ்ட் எடுங்கள், டாக்டரிடம் காட்டுங்கள், எதையும் விடாதீர்கள். ஆனால் கார்டைப் பிரிக்குமுன்பே, "நேத்து என்ன சாப்பிட்ட?" என்று கேளுங்கள். "சாப்பிட்டேன்" என்று சொன்னால் விடாதீர்கள். என்ன சாப்பிட்டாள், யார் தின்ற பிறகு சாப்பிட்டாள் என்று கேளுங்கள். பாதி நோய் அந்தப் பதிலில் இருக்கும்.

அந்த ஓணப் போட்டிக்கு மறுநாள் காலை ஓ.பி. தொடங்குமுன்பே தூக்குவாளிச் சத்தம் கேட்டது. பேச்சியம்மாள்தான். எங்கள் லயத்தில் அந்த நாட்களைப் பெண்கள் பெண்களிடம்கூடக் கண்ஜாடையில்தான் சொல்வார்கள். அவளோ வழியெல்லாம் ஒவ்வொரு வாசலிலும் நின்று, எதற்கு இந்தக் கேசரி என்று காரணத்தையும் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

"நின்னதுக்கு ஒருக்கா கிண்டுனேன், அது வீணாப் போச்சு" என்றாள். "இது வந்ததுக்கு. வாயத் தொறங்க சிஸ்டர்."