சாம்பாரில் விழுந்த பல்லி

இதை எழுதப் பல வருஷம் தயங்கினேன்.

நேற்று சிதம்பரத்தில் அங்கன்வாடியிலிருந்து அழைத்து வரும்போது என் மகள் கேட்டாள்: "அம்மா, சாப்புடறதுக்கு முன்ன சாமி கும்புடறப்போ கண்ணத் தொறந்துட்டேன். சாமி கண்ணக் குத்துமா?"

நாலு வயதில், முதுநகர் பால்வாடியில் நானும் அப்படிக் கண்ணைத் திறந்தேன். பெருங்காயம் மணந்த சாம்பார்க் குண்டானில் பல்லி விழுந்ததைப் பார்த்தேன்.

"ஆயா, பல்லி!"

"கும்புடறப்போ கண்ணத் தொறந்தியாடி? சாமி குத்திடும், பாரு!"

குருடாகிவிடுவேனோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். எனக்குச் சாம்பார் வேண்டாமென்றேன். பக்கத்திலிருந்த அஞ்சலை சாப்பிட்டாள். வாந்தியெடுத்து மயங்கினாள். ஆஸ்பத்திரியில் பிழைத்தது நடராசர் புண்ணியம்.

மகளிடம், "குத்தாதும்மா. என்ன பாத்த, சொல்லு" என்றேன்.

அஞ்சலையிடம் சொல்ல இன்னும் தைரியமில்லை. அவளைத் தெரிந்தவர்கள் படித்தால், இதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லிவிடுங்கள்.