சீனியில் கலந்த மாத்திரை

மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஜீவராணிக்குப் பயப்படாத கங்காணி கிடையாது. கொழுந்து நிறுக்கும்போது யாராவது தராசைத் தொட்டால், "கைய எடுங்கய்யா, ஒங்க கையயும் சேத்தா நான் பறிச்சேன்?" என்பாள். பிள்ளையில்லையே என்று பரிதாபப்பட வந்தவர்களையும் அப்படித்தான் விரட்டினாள். நாற்பது வயதில் வயிற்றில் ஒன்று தங்கியது.

கொலஸ்ட்ரோலுக்கு மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தவள் அவள். கர்ப்பம் என்று தெரிந்ததும் கிளினிக் டொக்டர் அதை நிறுத்தச் சொன்னார், நிறுத்தினாள். புருஷன் கந்தப்பனுக்குத்தான் மனசு ஒப்பவில்லை. அவன் அண்ணன் செல்லசாமி இதே மாத்திரையைத் தன்பாட்டில் நிறுத்திவிட்டு, காலையில் ஆட்கள் வேலைக்குக் கூடும் பெரட்டுக்களத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்தவர்.

ஒரு சாயங்காலம் மலையிலிருந்து வந்தவளுக்குக் கந்தப்பன் பாலில்லாத தேயிலைச் சாயத்தண்ணி கொடுத்து, தொட்டு நக்கிக்கொள்ள உள்ளங்கையில் சீனியும் வைத்தான். ஒரு நக்கு நக்கினாள். கசந்தது.

"யோவ், என்னத்தய்யா கலந்த?"

"மாத்திரைய... பொடியாக்கி. இன்னைக்குத்தான் மொதத் தடவ. ஒனக்கு ஒண்ணுன்னா நான் என்னடி செய்வேன்?"

துப்பினாள். சாயத்தில் கரைத்திருந்தாலாவது தெரியாமல் போயிருக்கும். அந்தப் புத்திகூட இல்லை அந்த மனுஷனுக்கு. விடிந்ததும் அவனை மிட்வைஃப் பஸ்மிலாவிடம் இழுத்துப்போனாள்.

"ஒரு நக்குல ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க," என்றாள் பஸ்மிலா. பிறகு கந்தப்பனைப் பார்த்தாள். "அண்ணே, ஒடம்புல இருக்குற ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு சுவர் இருக்கு. அந்தச் சுவருக்குக் கொலஸ்ட்ரோல் வேணும். செல்லே அதைச் செஞ்சுக்கும். புள்ள வளருதுன்னா ஒண்ணு ரெண்டாகி, ரெண்டு நாலாகிப் புதுச் சுவர் எழும்புது. சாமான் இல்லாட்டி செல்லு பெருகாது, கெழடு தட்டி அப்பிடியே நின்னுரும். இந்த மாத்திரை அந்தச் சாமான் செய்றதத்தான் கொறைக்குது."

"அப்ப கொலஸ்ட்ரோலு வெஷமில்லையா?"

"ரத்தத்துல கூடிப்போனாத்தான் தொல்லை."

"இவ நெஞ்சு?"

"அதையும் பாத்துத்தானே டொக்டர் சொன்னாரு. புள்ள பால் மறந்த பொறகு திரும்பத் தொடங்கலாம்."

"கேட்டியா?" என்றாள் ஜீவராணி. "இனிமே அடுப்படிப் பக்கம் வந்த, கால ஒடச்சிருவேன்."

கந்தப்பன் அன்றோடு அடங்கினான். ஆனாலும் அவள் படி ஏறி மூச்சு வாங்கும்போதெல்லாம் அவன் முகம் செத்துப்போகும்.

மழைக்காலத்தில் பெண்பிள்ளை பிறந்தது. கொழுகொழுவென்று இருந்ததைப் பார்த்து, "இது இன்னைக்குப் பொறந்ததா?" என்று கேட்டாள் நர்ஸ். டொக்டர் ஜீவராணியின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, தாய்க்கும் ஒரு குறையுமில்லை என்றார். கந்தப்பன் வார்டு வாசலில் நின்று தேம்பினான்.

"ரெண்டு நெஞ்சும் நல்லாத்தான் அடிக்குது. அழுகைய நிறுத்திட்டுப் புள்ளயப் புடி. தலையத் தாங்கிப் புடிய்யா!" என்றாள் ஜீவராணி கட்டிலிலிருந்து.

பிடித்தான். பிள்ளை போட்ட சத்தத்தில் வார்டே திரும்பியது. ஜீவராணி தலையணையில் சாய்ந்து, யார் யார் பார்க்கிறார்கள் என்று ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டாள்.