சுங்குவார்சத்திரத்தில் நான் சுவர் துளைத்த மூன்று நாட்கள்

மலேசியாவில், கிள்ளானில் இருபத்தாறு வருடமாக வயரிங் வேலை செய்கிறவன் நான். தமிழ்நாட்டில் ஒரு படிப்புக்கூடத்துக்கு இலவசமாக வயரிங் செய்து தரப் போனபோது, மூன்று கிலோ பிளக் பாயிண்டுகளைப் பெருமையாகப் பெட்டியில் சுமந்து போனேன். எல்லாம் சதுரக் கால் பிளக்குக்கானவை. இந்தியாவில் பிளக்குக்கு உருண்டைக் கால். அங்கே எலக்ட்ரிகல் கடைக்காரர் ஒன்றைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சோக்கா கீதுண்ணே. ஷோகேஸ்ல வச்சிக்கலாம்" என்றார்.

போனது போன மாதம், எங்கள் பேட்டை நற்பணிக் குழு சார்பாக. சுங்குவார்சத்திரத்தில் ஃபேக்டரிப் பெண்கள் தங்கும் மூன்று மாடிக் கட்டடம். வேலை பார்த்துக்கொண்டே மேலே படிக்க நினைப்பவர்களுக்காகக் கீழ்க்கூடத்தை ஒதுக்கியிருந்தார்கள். யாரோ கொடுத்த எட்டு கம்ப்யூட்டர்கள் வயரிங் இல்லாமல் சும்மா கிடந்தன. நான் படிவம் மூன்றோடு, அதாவது ஒன்பதாவதோடு, படிப்பை நிறுத்தியவன். படிப்புக்கு என்னால் செய்ய முடிந்த ஒரே உதவி கரண்டு கொடுப்பதுதான்.

வழி சொல்லிவிடுகிறேன். விமான நிலையத்துக்கு எதிரே திரிசூலத்தில் மின்சார ரயில் ஏறித் தாம்பரத்தில் இறங்கினேன், 5 ரூபாய். அங்கிருந்து படப்பை, ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூருக்கு பஸ், 35 ரூபாய், ஒன்றரை மணி நேரம். ஒரகடம் தாண்டினால் இரண்டு பக்கமும் கம்பெனிச் சுவர்கள் முடியவே முடியாது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பதினொரு கிலோமீட்டர் இன்னொரு பஸ். கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு ஷேர் ஆட்டோ, 20 ரூபாய். "மலேசியாலேந்து இங்க வேலைக்கு வந்துகினீங்களா? எல்லாரும் அங்கதான போறான்!" என்று ஆட்டோக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

கட்டடத்துக்காரர் ஸ்டெல்லா அக்கா. பக்கத்திலேயே அவர் வீட்டில் எனக்கு ஓர் அறை. மூன்று வேளையும் சோறு போட்டார். போதும் என்று இலையை மறைத்தால் என் விரலிடுக்கில் குழம்பை ஊற்றுகிற ரகம்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு டிரில்லிங் மெஷினை எடுத்தேன். கான்கிரீட் சுவர். பல்லெல்லாம் ஆடியது. பதினொரு மணிக்கு மாடியிலிருந்து ஒரு பெண் டீயும் முறுக்கும் கொண்டுவந்து வைத்தாள். செல்வி, இருபத்தைந்து வயது, சங்கரன்கோவில் பக்கம். செல்போன் போர்டு செய்கிற ஃபேக்டரியில் லைன் வேலை, அந்த மாதம் நைட் ஷிப்ட்.

"வெள்ளிக்கெழம டெஸ்ட் இருக்கு அண்ணாச்சி. இருவது போர்டு குடுப்பாவ. லென்ஸ் வச்சுப் பாத்து எல்லாக் கோளாறையும் சொல்லிரணும். தேறிட்டா குவாலிட்டி செக்ஷன், டே ஷிப்ட் மட்டுந்தான். சாயங்காலம் இந்தக் கூடத்துல ஒக்காந்து டிகிரிய முடிச்சிருவேன்."

"கண்ணெல்லாம் சிவந்திருக்கே. போன் பார்க்கறத குறைச்சுக்கம்மா" என்றேன், பெரிய டாக்டர் மாதிரி.

"சரி அண்ணாச்சி" என்று சிரித்தாள்.

புதனும் அதே சத்தம், அதே டீ. இந்த ஊர்ப் பெண்கள் பகலில் படுப்பதே இல்லை போலிருக்கிறது, என்ன சுறுசுறுப்பு என்று மனைவிக்கு வாய்ஸ் மெசேஜ்கூட அனுப்பினேன்.

வியாழன் நண்பகல், கம்பத்திலிருந்து வரும் ஒயரைப் பார்க்க ஸ்டெல்லா அக்காவோடு மொட்டை மாடிக்கு ஏறினேன். தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு பாய் அகலம் இருந்தது. அதற்குள் பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஒருவரையொருவர் ஒட்டிச் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தார்கள். காதில் பஞ்சு. கடைசியில் படுத்திருந்த செல்வியின் கால்கள் வெயிலில் கிடந்தன.

சத்தமில்லாமல் இறங்கி வந்தேன். "ஏங்க்கா என்கிட்ட சொல்லல?"

"நான் சொல்றேன்னுதாண்ணே சொன்னேன். புள்ளைங்கதான் வேணாம்னுச்சுங்க. நமக்கோசரம் கடல் தாண்டி வந்து, கூலி வாங்காம செய்றாரு, எப்டிக்கா வாய் தொறக்கறதுன்னுச்சுங்க."

அதோடு மெஷினை மூடி வைத்தேன். மிச்ச வேலையை மாலை ஐந்திலிருந்து எட்டுக்குள், அவர்கள் எழுந்து நைட் ஷிப்ட் பஸ்ஸுக்குக் கிளம்பும் நேரத்தில் செய்தேன். ஆனால் டெஸ்டுக்கு ஒரு நாள்தான் இருந்தது.

வெள்ளி மாலை செல்வி நேராகக் கூடத்துக்கு வந்தாள். "ரெண்டு விட்டுப்போச்சு அண்ணாச்சி. கடேசி ரெண்டு போர்டு. கண்ணு சொருகிட்டு." என் முகத்தைப் பார்த்தாளோ என்னவோ, உடனே குரலை மாற்றினாள். "மூணு மாசத்துல மறுபடி வைப்பாவல்லா. அதுக்குள்ள இங்கனயே ஒக்காந்து பழகிருவேன். லைட்டு சும்மா பகல் மாதிரி இருக்கே!" தோற்றவள் அவள். ஆறுதல் எனக்கு.

ஞாயிறு மதியம் எல்லாப் பெண்களும் சேர்ந்து கோழிக் குழம்பு வைத்து என்னை நடுவில் உட்கார வைத்தார்கள். தூங்க வேண்டிய நேரத்தில் நின்று சமைத்திருந்தார்கள். வேண்டாம் என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

இப்படித் தொண்டுக்குப் போக நினைப்பவர்களுக்கு: சம்பளமில்லாத சேவைக்கு உங்கள் விசா இடம் கொடுக்கிறதா என்று முதலில் கேளுங்கள். சாமான்களை அங்கேயே வாங்குங்கள். காலை ஐந்தரை முதல் ஏழு வரை ரோடு முழுக்கக் கம்பெனி பஸ்தான், அந்த நேரத்தில் பயணம் வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேல், கருவியைத் தொடுமுன் மாடியில் யார் எப்போது தூங்குகிறார்கள் என்று கேளுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். நீங்கள் விருந்தாளி.

கிளம்பும்போது செல்வி என் பையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ வரை வந்தாள்.

"ஒங்களுக்கு எத்தன பிள்ளைக அண்ணாச்சி?"

"ஒரே மக. ஆஸ்பத்திரில நர்ஸு."

"அப்ப நைட் ஷிப்ட் உண்டும்லா? பாவம். பகல்ல தூங்க முடியுதா அவுகளுக்கு?"

"முடியுதும்மா" என்றேன்.

எப்படி முடிகிறது என்று சொல்லவில்லை. என் மகள் தூங்கும் நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் காலண்டர் மாட்ட ஒரே ஓர் ஆணி அடித்ததற்கு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் வாசலில் போய்ச் சண்டைக்கு நின்றவன் நான்.