சவரிமுத்து சொன்ன பொய்

சென்ற ஞாயிறு பரவைச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அலங்காநல்லூர் பஸ்ஸின் கண்டக்டர் வந்து தோளைத் தொட்டார். "சேதி தெரியாதாண்ணே? சவரிமுத்து அண்ணே போயிட்டாரு. வியாழக்கிழமையே அடக்கம் பண்ணியாச்சு" என்றார். காயை அப்படியே போட்டுவிட்டு வீடு திரும்பினேன்.

அவரோடு மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்களும், பிற்காலத்தில் பஸ் ஷெட்டில் அவரைப் பார்த்தவர்களும் இதைப் படிப்பீர்கள். அவரைப் பற்றி நீங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கும் ஒரு விஷயம் பொய். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

யுத்தத்துக்கு முந்திய வருஷங்கள் அவை. சவரிமுத்து ஆஸ்பத்திரியின் டிரைவர், நான் கம்பவுண்டர். கோடை வந்தால் மலைக் கிராமங்களுக்குக் காய்ச்சல் மருந்து கொண்டு போய் அங்கேயே முகாமிடுவோம். அதற்கென்று ஆஸ்பத்திரியின் வெள்ளைக்கார டாக்டர் துரை மதுரையிலேயே ஒரு வண்டி செய்வித்திருந்தார். இரண்டு சக்கரத்தின் மேல் பலகையும் கித்தானும் வைத்துக் கட்டிய சின்ன வீடு. உள்ளே இரண்டு கட்டில், ஒரு மடக்கு மேஜை, அடுப்புச் சாமான்கள். அதைக் காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப் போவோம். ஊரார் அதை வால்வண்டி என்றார்கள்.

வத்தலக்குண்டைத் தாண்டி மலை தொடங்கியதும் சவரிமுத்து பேச்சை நிறுத்திவிடுவார். இறக்கத்தில் வால்வண்டி காரை முட்டித் தள்ளாமலிருக்க ஒரு மரக்கட்டையைப் பின்னால் கட்டி இழுத்துவருவார். "இழுத்துட்டுப் போறது பெரிசில்ல மாப்ள. அது நம்மள இழுத்துட்டுப் போகாமப் பாத்துக்கணும்" என்பார். மலைப்பாதையில் வால்வண்டிக்குள் யாரும் ஏறக்கூடாது என்பது அவருடைய கட்டளை. ஒருமுறை டாக்டர் துரையே உள்ளே படுத்துக்கொள்ளப் போனபோது, "நீங்க எறங்காம வண்டிய எடுக்க மாட்டேன்யா" என்று சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். துரை சிரித்துக்கொண்டே இறங்கினார்.

அந்த வருஷம் துரை முன்னதாகவே மேலே போய்விட்டார். நாங்கள் மூன்று பேர் பின்னால் போனோம். மூன்றாவது ஆள் சமையல்காரர் லூர்து. மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே பின்சீட்டில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த அவருக்குப் பாதி மலையில் குளிர்காய்ச்சல் கண்டது. கார் சூடேறி நின்றது. சவரிமுத்து வாளியோடு ஓடைக்குப் போனார். "கம்பவுண்டரே, ஒக்கார முடியல. செத்த நேரம் கட்டில்ல படுத்துக்கிறேனே" என்று லூர்து கெஞ்சினார். உடம்பு அனலாகக் கொதித்தது. நான்தான் கித்தானைத் தூக்கிவிட்டேன். அவர் படுத்ததும், பின்சீட்டில் ஆள் சுருண்டிருப்பதுபோலத் தெரியப் பெட்டிகளின் மேல் கம்பளியைப் போட்டுவிட்டு முன்சீட்டுக்கு வந்தேன்.

சவரிமுத்து வந்து என்ஜினுக்குத் தண்ணீர் ஊற்றினார். "லூர்து ஏறிட்டானா?"

"ஏறிட்டான்" என்றேன்.

மூன்று வளைவு தாண்டியதும் கொக்கி முறிந்தது. ஒரு சத்தம், கார் திடீரென்று இலேசானது. திரும்பிப் பார்த்தபோது வால்வண்டி பின்னோக்கி உருண்டுகொண்டிருந்தது. ஓரக் கல்லில் மோதிச் சாய்ந்தது. பிறகு பாதையில் அது இல்லை. "போனாப் போகுது, வண்டிதானே" என்று சவரிமுத்து பெருமூச்சு விட்டார். அப்போதுதான் நான் கத்தினேன்.

சவரிமுத்து செடிகளைப் பிடித்துச் சறுக்கிக்கொண்டே பள்ளத்தில் இறங்கினார். லூர்துவைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறிவந்தார். வரும் வழியெல்லாம், "இந்தா வந்துட்டோம்டா, வந்துட்டோம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். லூர்துவுக்கு உயிர் இல்லை என்பது மேலே நின்ற எனக்கே தெரிந்தது.

விசாரணையில் துரை கேட்டார்: "ஆளை உள்ளே ஏற்றியது யார்?" நான் வாயைத் திறக்குமுன், "நான்தான்யா" என்றார் சவரிமுத்து. வெளியே வந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "கொக்கிய மாட்டுனது நானு. அதுக்கே என்னய வேலைய விட்டு நிப்பாட்டிருவாக. ரெண்டு வீட்டுலயும் அடுப்பு அணையணுமா? ஒம் பொண்டாட்டி மாசமா இருக்கா. போ" என்றார். நான் போனேன். அன்று போனதுதான்.

அதன் பிறகு யாரும் அவரை நம்பி வண்டி கொடுக்கவில்லை. யுத்தகாலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் பின்னால் மாட்டிய உலையில் கரியை எரித்து அந்தப் புகையில் ஓடியபோது, அந்த உலைகளைச் சுத்தம் செய்யும் வேலைதான் கிடைத்தது. அந்தத் தூசிதான் நெஞ்சில் ஏறி அவரைக் கொன்றது. மாதா கோவிலில் லூர்துவின் வீட்டார் அவரைக் கண்டால் எழுந்து வேறு பக்கம் போய் உட்கார்வார்கள். அதை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

திங்களன்று அவர் வீட்டுக்குப் போய் அவர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மாள் அழவில்லை. "எங்கிட்டக்கூடச் சொல்லலையே" என்றார். பிறகு, "லூர்து வீட்டுக்கு ஒரு எட்டுப் போய்ச் சொல்லிட்டு வாங்கண்ணே. எனக்கு அது போதும்" என்றார்.

போனேன். லூர்துவின் அக்கா முறத்தைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். "அந்த மனுசன் இருந்தப்ப வந்து சொல்லியிருக்கக் கூடாதா? நான் ஒரு வார்த்த பேசியிருப்பேனே" என்றார்.

சவரிமுத்துவின் நினைவாக என்னிடம் ஒரு படம்கூட இல்லை. அந்தக் கேள்விதான் இருக்கிறது.