கப்பல் மணியை நிறுத்திய தேவகனி டீச்சர்

மூன்று வருஷமாக என் மணியை நான் அடிக்கவில்லை. அடிக்கவிடாமல் செய்தவர் தேவகனி டீச்சர். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. பழைய கப்பல் ஒன்றை உடைத்தபோது கழற்றிய வெண்கல மணி அது. துறைமுகத்தில் ஏஜென்ட் வேலை பார்த்த ஒருவர் எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தார். பத்தொன்பது வருஷம் பியூனாக அதன் கயிற்றை நான்தான் இழுத்தேன். எட்டாம் வகுப்பில் தோற்றவன் கையை அசைத்தால் எம்.எஸ்சி. படித்தவர்கள் பாடத்தை நிறுத்துவார்கள். எனக்கு இருந்த ஒரே அதிகாரம் அது.

டீச்சர் நாசரேத்துக்காரர், கணக்குப் பாடம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நேரம் கிடைக்கவில்லை என்பார். என் மணியை நிறுத்த மட்டும் நேரம் கிடைத்தது. நாற்பது பிள்ளைகள் கத்தும் வகுப்பில் சாக்பீஸால் மேசையில் ஒரு தட்டு தட்டுவார். அத்தனை வாயும் மூடிக்கொள்ளும். நான் நாற்காலி போடும் நிழலில்தான் தினமும் ஸ்கூட்டரை நிறுத்துவார். கேட்டால், "ஸ்கூட்டருக்கு எந்திரிச்சுப் போகத் தெரியாது வில்பிரட், ஒங்களுக்குத் தெரியும்," என்பார்.

விஷயம் ஜெமியால் வந்தது. ஒன்பதாம் வகுப்பு, முதல் மார்க் வாங்குகிற பிள்ளை. அப்பாவோடு பைக்கில் போகும்போது உப்பு லாரி உரசி, தலை ரோட்டில் அடித்தது. மூன்று மாதம் கழித்து வந்தாள். முடி வளர்ந்து தழும்பு மறைந்திருந்தது. பார்க்கிறவனுக்கு ஒரு குறையும் தெரியாது. அதுதான் வினை. கையில் கட்டுப் போட்டவனுக்குப் பையைத் தூக்க நாலு பேர் உண்டு. இவளுக்குத் திமிர் என்ற பட்டம்தான் கிடைத்தது.

காலையில் படித்தது மத்தியானம் மறந்தது. எழுதிக்கொண்டே தூங்கினாள். மனசில் தோன்றியது நேராக வாய்க்கு வந்தது. பிரேயரில் தலைமை ஆசிரியர் ஒழுக்கத்தைப் பற்றி இருபது நிமிஷம் தாண்டிப் பேசும்போது முன்வரிசையிலிருந்து, "சார், இத நேத்தே சொல்லிட்டீய," என்றாள். நேற்றே சொன்னதுதான். அதற்காகச் சொல்லிவிடுவதா?

லேப் மேசையில் தலை வைத்து அவள் தூங்குவதைக் கண்டு, தலைமை ஆசிரியர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியவன் நான்தான். டி.சி. கொடுத்துவிடலாம் என்றார் அவர். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வரை பொறுக்கும்படி டீச்சர் அவரிடம் வாதாடிச் சம்மதம் வாங்கினார். அந்தக் கையோடு என் அறைக்கு வந்தார். என் எவர்சில்வர் தம்ளரை எடுத்து, கரண்டியால் என் காதோரம் அடித்துக்கொண்டே கேட்டார்:

"ஏழெட்டு எவ்வளவு? இன்னைக்கு என்ன தேதி? ஒங்க மாமியார் பேரு என்ன?"

எல்லாம் தெரியும். ஒன்றும் வாயில் வரவில்லை.

"மொதல்ல அத கீழ வைங்க டீச்சர்."

"நான் வச்சிருவேன். ஜெமிக்கு யாரு வைப்பா? நாள் பூரா அவ தலைக்குள்ள இப்பிடித்தான். நீங்க கயித்த இழுத்தா அரை மணி நேரம் அவளுக்கு ஒண்ணும் ஓடாது. நாளையிலேருந்து மணி வேண்டாம்."

"பெறகு பீரியடு முடிஞ்சது எப்பிடித் தெரியும்?"

"கால் இருக்குல்லா?"

தலைமை ஆசிரியராவது தடுப்பார் என்று நினைத்தேன். மணி தொங்குவது அவர் அறை ஜன்னலுக்கு நேரே. உடனே சரி என்றுவிட்டார். இருபத்திரண்டு அறை, எட்டு பீரியடு. ஒவ்வொரு வாசலிலும் தலையை நீட்டினேன். முழங்கால் போனது.

ஜெமிக்குக் கதவோரம், சுவர்ப்பக்கம் இடம் போட்டார் டீச்சர். ஒரு தாளில் ஒரே கணக்குதான் எழுதிக் கொடுப்பார். இரண்டு பீரியடுக்கு ஒருமுறை லேபில் இருபது நிமிஷத் தூக்கம், காவலுக்கு நான். மறக்காமலிருக்க அவள் கழுத்தில் ஒரு சின்ன நோட்டைத் தொங்கவிட்டார். அடுத்து எந்த அறை, யார் என்ன சொன்னார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். என் பெயருக்கும் ஒரு பக்கம் உண்டு. தினமும் காலையில் அதைப் புரட்டிவிட்டு என்னிடம் சொல்வாள்: "வில்பிரட் அண்ணே, ஒங்கள மன்னிச்சாச்சுன்னு போட்டிருக்கு. எதுக்குன்னுதான் தெரியல."

பொதுத்தேர்வு வந்தது. டாக்டர் சர்ட்டிபிகேட்டுக்கு அலைந்து, தனி அறையும் ஒரு மணி நேரம் கூடுதலும் வாங்கியிருந்தார் டீச்சர். ஆனால் பரீட்சை மையம் வேறு பள்ளிக்கூடம். அங்கே பியூன் நல்லக்கண்ணு. மணி என்று அவன் வைத்திருப்பது ஒரு தண்டவாளத் துண்டு. அரை மணிக்கு ஒருமுறை இரும்புக் கம்பியால் அதைச் சாத்துவான். முதல் பரீட்சையிலேயே ஜெமி காதைப் பொத்திக்கொண்டு பாதித் தாளோடு எழுந்து வந்துவிட்டாள். அடுத்ததற்கு வரமாட்டேன் என்றாள்.

மேலிடத்துக்குக் கடிதம் எழுதலாம் என்றார் தலைமை ஆசிரியர். பதில் வருவதற்குள் ரிசல்ட்டே வந்துவிடும்.

நல்லக்கண்ணுவோடு எனக்குப் பதினோரு வருஷமாகப் பேச்சில்லை. டீக்கடையில் பத்துப் பேர் முன்னால், "கடலுக்கு ஆவாத கப்பலோட மணிய அடிச்சா பிள்ளைக எப்பிடிலே பாஸாவும்?" என்று கேட்டவன் அவன். நானும் அவனுடைய தண்டவாளத்தைப் பற்றிச் சொன்னேன். அதை இங்கே எழுத முடியாது.

அடுத்த பரீட்சையன்று அந்தக் கம்பியில் சாக்கு சுற்றியிருந்தது. தலையணையில் குத்துகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். ஜெமி மீதிப் பரீட்சை எல்லாம் எழுதினாள், தேறினாள். இப்போது எங்களிடமே பன்னிரண்டாம் வகுப்பு. வாய் குறையவில்லை, நானும் அறை அறையாக நடந்துகொண்டுதான் இருக்கிறேன். டீச்சர் அந்த மே மாதமே ஓய்வு பெற்று நாசரேத்துக்குப் போய்விட்டார்.

நல்லக்கண்ணு எப்படிச் சம்மதித்தான் என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். நான் சொன்னதில்லை. அவனிடம் போய்வரச் சொன்னதுதான் டீச்சர் என்னிடம் கடைசியாகக் கேட்ட உதவி. கையில் ஒரு கிழிந்த உப்புச் சாக்கைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"போயி, ஒங்க கப்பல் மணிய விட அவரு தண்டவாளந்தான் கணீர்னு கேக்குன்னு சொல்லுங்க. சொல்லிட்டு இந்தச் சாக்கக் குடுங்க. மூஞ்சியச் சுளிக்காம சொல்லணும், வில்பிரட்."