ஆணியில் தொங்கிய பேணி

கறுப்பின வரலாற்று மாதத்துக்கு மொன்றியல் கோட்-டெ-நெய்ஜில் எங்கள் குடியிருப்பு மண்டபத்தில் விழா வைத்தார்கள். ஒரு பக்கம் மேளமும் ஆட்டமும் சோறும் கோழியும். மறுபக்கம் நீள மேசையில் அவரவர் வீட்டுப் பழைய பொருட்கள். என்னோடு இருபது வருடம் ஆஸ்பத்திரி நிலம் துடைத்த ஜமேய்க்காக்காரி ஓர் எனாமல் கோப்பை கொண்டுவந்திருந்தாள். அவளுடைய தாய் இதே மொன்றியலில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றபோது, அவளுக்கென்று தனியாக ஒதுக்கி வைத்த கோப்பையாம்.

எனக்கு அதை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. மைக்கை வாங்கித் தா என்று மகளிடம் கேட்டேன்.

"அம்மா, பேசாமல் இருங்கோ. பெடியன் வீட்டார் மூண்டாவது வரிசையில இருக்கினம்."

பேத்தி விரும்பிய பெடியனின் தாய் தகப்பன். நாங்கள் இன்ன சாதியென்று அவர்களுக்குத் தெரியாது. தெரியாமல் வைத்திருக்கத்தான் மகள் இத்தனை வருடமும் பாடுபட்டாள்.

"இருந்தால் இருக்கட்டும், அவைக்கும் காது இருக்குத்தானே" என்று எழும்பிப் போனேன். எனக்கு மைக்கில் பேசத் தெரிந்தது தமிழ்தான். மொழிபெயர்க்க மகளே வரவேண்டியதாயிற்று. நான் சொன்னது இதுதான்.

ஊரில் எனக்கு அப்போது ஏழு வயது. என் தகப்பன், ஐயா என்றுதான் கூப்பிடுவேன், வெங்காயத் தோட்டம் கொத்துகிறவர். சந்தை வழியில் ஒரு தேத்தண்ணிக் கடை. உள்ளே மற்றச் சாதியார் குந்த மரவாங்கும், குடிக்கக் கண்ணாடிக் கிளாசும். எங்கள் சாதிக்கு வெளியே வெறுந்தரை, சுவர் ஆணியில் ஒரு தகரப்பேணி. நாங்களே எடுத்துக் கழுவி நீட்டவேண்டும். கடைக்காரர் பட்டுவிடாமல் உயரத்திலிருந்து ஊற்றுவார்.

அன்று பேணிக்குள் எறும்பு. நான் நேரே உள்ளே போய் ஒரு கிளாசை எடுத்து நீட்டினேன்.

"இதுக்குள்ள ஊத்துங்கோ."

"எடேய், உன்ர பெட்டைக்குப் பெரிய ராசாத்தி எண்டு நினைப்போ?" என்று ஐயாவைக் கேட்டுக்கொண்டே கடைக்காரர் கிளாசைப் பறித்துப் படியில் அடித்தார்.

ஐயா குனிந்து கண்ணாடியைத் துண்டு துண்டாகப் பொறுக்கிச் சால்வையில் முடிந்தார். அந்தப் படியடியில் நிற்கிற கால்கள் எல்லாம் செருப்பில்லாத எங்கள் கால்கள். ஆனால் எனக்குக் கடைக்காரரை விட ஐயா மேலேதான் கோபம். பயந்தவர் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அவர் எந்தக் கடையிலும் வாய் நனைத்ததில்லை. கேட்டால், கடைத் தேத்தண்ணி வயிற்றுக்குச் சரிவராது என்பார்.

மகள் சொல்லிக்கொண்டு வந்தாள். சாதி என்ற இடம் வந்ததும் ஏழைகள் என்று பிரெஞ்சில் மாற்றி நழுவப் பார்த்தாள். இந்த ஊரில் இவ்வளவு காலம் நிலம் துடைத்தவளுக்கு அந்தச் சொல் தெரியாதா?

"ஏழை இல்லை. சாதியெண்டு சொல்லு."

சொன்னாள். நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். மூன்றாவது வரிசையில் கதிரைகள் இழுபடும் சத்தம் கேட்டது. போகிறவர்கள் போகட்டும் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜமேய்க்காக்காரி வந்து என் கையைப் பிடித்தாள். அவளுடைய தாயும் அந்தக் கோப்பையில் ஒருநாளும் குடித்ததில்லையாம். எனக்குத் தாகமில்லை என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து செம்பு செம்பாகக் குடிப்பாளாம்.

ஐயாவின் வயிறு சுகமாக வேண்டுமென்று அந்த வயதில் நான் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்திருந்தேன், கோயில் வாசலுக்கு வெளியே நின்றுதான். அந்த வயிற்றில் ஒரு நோயும் இல்லையென்று உள்ளே இருந்த பிள்ளையாருக்குத் தெரிந்திருக்கும். வெளியே நின்ற எனக்குத் தெரியவில்லை.